ஒரு புல்தரை எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

சென்னையில் மே மாதம் பல தெருக்களில் இரண்டு புல்தரைகளை அருகருகே பார்க்கலாம். ஒன்று வீட்டு மதிலுக்கு உள்ளே இருக்கிறது. நர்சரியிலிருந்து பத்தை பத்தையாக வாங்கி வந்து, செம்மண் பரப்பி, பதித்து வளர்த்த புல். தினமும் தவறாமல் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் திட்டுத்திட்டாகப் பழுத்துக் கிடக்கும். இன்னொன்று மதிலுக்கு வெளியே, நடைபாதைக்கும் சாக்கடைக்கும் நடுவில் தானாக முளைத்த அருகம்புல். அதற்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. வெயிலில் அதுவும் வெளிறிப்போகும். ஆனால் ஒரு கோடை மழை விழுந்தால் சில நாட்களிலேயே பச்சை கட்டிவிடும். தினமும் தண்ணீர் குடித்த புல் நான்கு நாள் தாங்கவில்லை. தண்ணீரே காணாத புல் நான்கு வாரம் தாங்குகிறது. இது ஏன்?

மேலே கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டால் ‘தினமும் பத்து நிமிடம்’ என்பார்கள். நிமிடம் என்பது குழாய் திறந்திருக்கும் நேரத்தின் அளவு. மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது, அதில் வேருக்கு எவ்வளவு எட்டியது, வெயில் எவ்வளவை எடுத்துக்கொண்டது என்ற மூன்றையும் அது சொல்வதில்லை. இந்த மூன்றையும் அளந்துவிட்டால், ‘தினமும் கொஞ்சம்’ என்ற பழக்கம்தான் மதிலுக்குள் இருக்கும் புல்லைப் பலவீனமாக்குகிறது என்பது தெரியவரும்.

வெயில் எடுத்துக்கொள்ளும் பங்கு

புல் உறிஞ்சும் தண்ணீரில் அதன் உடம்பில் தங்குவது மிகச் சொற்பம். நூறு லிட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் தேறினாலே அதிகம். மற்றதெல்லாம் வேர் வழியாக ஏறி, இலையிலுள்ள நுண்துளைகள் வழியாக ஆவியாகி வெளியே போய்விடுகிறது. இதைப் புல்லின் ஊதாரித்தனம் என்று நினைக்கக் கூடாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்தால்தான் இலை உணவு தயாரிக்க முடியும். அந்த வாயுவை உள்ளே விடத் துளையைத் திறந்தால் அதே வாசல் வழியாக நீராவி வெளியேறிவிடும். இலைத் துளைகளிலிருந்து போவதையும், இலைகளுக்கு இடையே தெரியும் ஈரமண்ணிலிருந்து நேராக ஆவியாவதையும் சேர்த்து இந்த அத்தியாயத்தில் ‘நீர்ச்செலவு’ என்று சொல்வோம்.

இந்தச் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெயில்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்குவதற்கு முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் தேவை. அறுபது சதுர மீட்டர் புல்தரை ஒன்று மே மாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறது என்று பின்னால் கணக்குப் போடப் போகிறோம். அதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 170 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின்கணக்கில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிட அதிகமான ஆற்றலை, ஒரு சின்னப் புல்தரை ஒரே நாளில் சூரியனிடமிருந்து வாங்கித் தண்ணீரைக் கிளப்பச் செலவழித்துவிடுகிறது. புல்தரைக்கு மேல் காற்று குளிர்ந்திருப்பதும், பக்கத்து சிமென்ட் தரை கொதிப்பதும் இதனால்தான். சிமென்ட் தரைக்கு அந்த ஆற்றலைச் செலவழிக்கத் தண்ணீர் இல்லை. அதனால் அது சூடாகிறது.

ஆவியாதலுக்குச் சூரிய ஆற்றல்தான் முதல் காரணம் என்பதால், வெப்பமானியை மட்டும் பார்த்துத் தண்ணீரின் அளவை முடிவு செய்தால் கணக்குத் தவறும். சென்னையில் ஜனவரி மதியம் இதமாக இருக்கிறது, மே மதியம் தாங்க முடியவில்லை. உடம்பு உணரும் வித்தியாசம் மிகப் பெரிது. ஆனால் வானம் வெளுத்த ஜனவரி நாளிலும் வெயில் நன்றாகவே அடிக்கிறது, காற்றும் வீசுகிறது. புல்லின் நீர்ச்செலவு ஜனவரியைவிட மே மாதத்தில் ஒன்றரை மடங்குதான். ஜனவரியில் தண்ணீரை மறந்துவிட்டு மே மாதத்தில் மும்மடங்கு ஊற்றும் வீடுகளில் இரண்டு பக்கமும் கணக்குப் பிசகுகிறது.

நம் ஊர் வீட்டுப் புல்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அருகு, நர்சரிகளில் கொரியன் கிராஸ் என்ற பெயரில் கிடைக்கும் நெருக்கமான புல், நிழலுக்கு வைக்கும் அகன்ற இலைப் பஃபலோ கிராஸ் ஆகிய மூன்றுமே கரும்பு, சோளம் போன்றவற்றின் வழியில் உணவு தயாரிப்பவை. இந்த வழியின் நுணுக்கத்தை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையை ஆராய்ந்து விளக்கினார்கள். இந்தச் செடிகள் கரியமில வாயுவை முதலில் ஒரு அறையில் பிடித்து, இன்னொரு அறையில் செறிவாக்கிப் பயன்படுத்துகின்றன. அதனால் துளைகளை அதிகம் திறக்காமலேயே வேலை நடக்கும். ஒரே அளவு வளர்ச்சிக்கு இவை செலவழிக்கும் தண்ணீர், குளிர்நாட்டுப் புல்வகைகள் செலவழிப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இங்கிலாந்துத் தோட்ட நூல்களில் இருக்கும் அளவுகளை நம் ஊரில் அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லையே அளவுகோலாக்கியவர்கள்

நீர்ச்செலவை எப்படி அளப்பது? இலையிலிருந்து போகும் ஆவியைக் கண்ணால் பார்க்க முடியாது. 1948-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பென்மன் இதற்கு ஒரு வழி சொன்னார். திறந்த நீர்ப்பரப்பு, வெறும் மண், புல்தரை ஆகிய மூன்றிலிருந்தும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று ஒப்பிட்ட அவர், சூரியனிடமிருந்து வரும் ஆற்றல், காற்றின் உலர்த்தும் வலிமை என்ற இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தார். செடியைத் தொடாமல், வானிலை நிலையத்தின் அளவுகளை மட்டும் வைத்து நீர்ச்செலவைக் கணிக்க முடிந்தது. பின்னர் ஜான் மான்டீத் இலைத் துளைகள் காட்டும் தடையையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்.

இந்த வழியை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் உலகுக்கெல்லாம் பொதுவான முறையாக்கியது. அதற்கு ஒரு அடிப்படை அளவுகோல் வேண்டியிருந்தது. நெல்லோ கோதுமையோ அந்த இடத்துக்குத் தேர்வாகவில்லை. 12 சென்டிமீட்டர் உயரத்தில் சீராக வளர்ந்து, தண்ணீருக்குக் குறைவில்லாமல் நிற்கும் கற்பனையான ஒரு புல்தரையே அளவுகோலாயிற்று. தஞ்சாவூர் நெல்லுக்கும் தேனி வாழைக்கும் நீர்த் தேவையைக் கணக்கிடும் வேளாண் அறிஞர்கள் ‘அந்தப் புல்லைப்போல் எத்தனை மடங்கு’ என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். ஆகவே வீட்டுப் புல்தரைக்குக் கணக்குப் போடுவது பாசன அறிவியலிலேயே மிக நேரடியான கணக்கு.

சென்னையில் இந்த அளவுகோல் புல்லின் நீர்ச்செலவு ஜனவரியில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டரை ஒட்டியும், மே மாதத்தில் 6 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். மில்லிமீட்டர் என்றதும் மிரள வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் அதன் உயரம் சரியாக ஒரு மில்லிமீட்டர். மழையையும் இதே அளவில்தான் சொல்கிறோம் என்பதால் வரவும் செலவும் ஒரே நாணயத்தில் அமைந்துவிடுகின்றன. நம் வெப்பநாட்டுப் புல்வகைகள் சிக்கனமானவை என்று பார்த்தோம். அவற்றின் தேவை அளவுகோலில் 0.6 பங்கிலிருந்து 0.8 பங்குவரை என்று வெவ்வேறு இடங்களில் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் 0.7 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் புல்தரைக்கு ஜனவரியில் நாளுக்கு 2.8 மில்லிமீட்டரும், மே மாதத்தில் 4.2 மில்லிமீட்டரும் தேவை.

மண் என்னும் தொட்டி

தேவை தெரிந்துவிட்டது, அதை அப்படியே தினமும் ஊற்றிவிடலாமே என்று தோன்றும். நடுவில் மண் இருப்பதால்தான் அது நல்ல வழியாவதில்லை. புல் நம் கையிலிருந்து குடிப்பதில்லை, மண்ணிலிருந்துதான் குடிக்கிறது. வேர் போயிருக்கும் ஆழம்வரை உள்ள மண்ணை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கு மேலே நிரம்பி வழியும் குழாய் ஒன்று உண்டு. அந்த மட்டத்துக்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் வெளியேதான் போகும். அடியிலோ, வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் தரையிலிருந்து சற்று உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் வீட்டுக்கு வராது. மண்ணிலும் இப்படி இரண்டு மட்டங்கள் இருக்கின்றன. நன்றாக நனைந்து, அதிகப்படி நீரெல்லாம் கீழே வடிந்த பிறகு மண் பிடித்து வைத்திருக்கும் அளவு மேல் மட்டம். அதைக் ‘கொள்நிலை’ என்போம். மண்துகள் விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பதால் வேரால் உறிஞ்ச முடியாமல் எஞ்சும் அளவு கீழ் மட்டம். அது ‘வாடுநிலை’. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் புல்லுக்குப் பயன்படும் நீர்.

நடுவில் எவ்வளவு நீர் பிடிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. சென்னைக்குள்ளேயே இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை எனக் கடலோரம் முழுக்க மணல் நிலம். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் போன்ற உட்பகுதிகளில் களிமண் நிலம். களிமண் கலந்த வண்டலில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் பயன்நீர் தங்கும். மணலில் அதே ஆழத்துக்கு 8 மில்லிமீட்டர் தங்கினால் அதிகம். தொட்டி காலியாகும்வரை புல்லைக் காத்திருக்க வைக்கவும் கூடாது. பயன்நீரில் பாதி தீர்ந்ததுமே வேர் உறிஞ்சச் சிரமப்படத் தொடங்குகிறது. அந்தப் பாதிதான் நாம் நிம்மதியாகச் செலவழிக்கக்கூடிய இருப்பு.

அறுபது சதுர மீட்டரின் கணக்கு

இனி ஒரு புல்தரையை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அண்ணா நகரில், களிமண் நிலத்தில், 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள புல்தரை. சதுர அடியில் சொன்னால் சுமார் 650. வேர் 15 சென்டிமீட்டர் ஆழம் போயிருக்கிறது. குழாயடியில் ஒரு 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தால் சரியாக ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. அதாவது ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது.

முதலில் வழக்கப்படி தினமும் பத்து நிமிடம் பிடிக்கிறோம். 150 லிட்டர். அதை 60 சதுர மீட்டருக்குப் பரப்பினால் 2.5 மில்லிமீட்டர். மே மாதத்துத் தேவை 4.2. தினமும் தண்ணீர் விட்டும் தினமும் 1.7 மில்லிமீட்டர் கடன் விழுகிறது. ஒரு வாரத்தில் 12 மில்லிமீட்டர் பாக்கி. இந்த மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மொத்தப் பயன்நீரே 24 மில்லிமீட்டர்தான். அதில் நிம்மதியான பாதி ஒரே வாரத்தில் கரைந்துபோகிறது. மேலாகப் பார்த்தால் தரை தினமும் ஈரமாகத்தான் தெரிகிறது. பாதி உலர்ந்த களிமண்ணில் 2.5 மில்லிமீட்டர் நீர் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மேல்தோலில் நிற்கும் அந்த ஈரத்தில் ஒரு பங்கை வேர் தொடுவதற்கு முன்பே வெயிலும் காற்றும் கொண்டுபோய்விடுகின்றன. கண்ணுக்கு ஈரம், வேருக்கு வறட்சி. வீட்டுக்காரர் இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் புல் பழுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது மாற்றிப் பார்ப்போம். இருப்பில் பாதி, அதாவது 12 மில்லிமீட்டர், தீரும்வரை காத்திருந்து அதை மொத்தமாக நிரப்புகிறோம். 12 மில்லிமீட்டர் என்பது 720 லிட்டர். ஹோஸில் 48 நிமிடம். மே மாதத்தில் இது மூன்று நாளுக்கு வரும், ஜனவரியில் நான்கு நாளுக்கு மேல் வரும். வேர் 30 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டால் இருப்பு இரட்டிப்பாகும். மே மாதத்திலேயே ஆறு நாளைக்கு ஒருமுறையும், ஜனவரியில் எட்டு ஒன்பது நாளைக்கு ஒருமுறையும் விட்டால் போதும். வேர் எவ்வளவு இறங்கினாலும் மொத்தச் செலவு ஏறக்குறைய அதேதான், வெயில் கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மேல்தோலில் வீணாவது குறைகிறது. வெளியூர் போனாலும், மோட்டார் பழுதானாலும் புல் தாங்குகிறது.

களிமண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தண்ணீரை நிறையப் பிடிக்கும், ஆனால் மெதுவாகத்தான் குடிக்கும். மணிக்கு ஐந்து மில்லிமீட்டர்கூட இறங்காத களிமண் உண்டு. 48 நிமிடம் ஒரே மூச்சாகப் பிடித்தால் பாதி தண்ணீர் வாசலுக்கு ஓடிவரும். தரையில் நீர் தேங்கிப் பளபளக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, அது இறங்கியதும் மீண்டும் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு தவணையில் முடியும். திருவான்மியூர் மணலில் நிலைமை நேரெதிர். தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், ஆனால் தங்காது. 15 சென்டிமீட்டர் வேருக்கு நிம்மதியான இருப்பு 6 மில்லிமீட்டர்தான். ஒருமுறைக்கு 360 லிட்டருக்கு மேல் ஊற்றினால் மிச்சம் வேரைத் தாண்டி நிலத்தடிக்குப் போய்விடும். ஆகவே கடலோர வீட்டில் மே மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில வேளை தினமுமேகூட, விடுவதில் தவறில்லை. ‘எப்போதாவது, ஆழமாக’ என்ற விதியை மணலில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. மக்கிய இலையுரத்தை ஆண்டுக்கு ஒருமுறை சலித்துத் தூவினால் மணலின் கொள்ளளவு மெல்லக் கூடும்.

தெளிப்பான் வைத்திருப்பவர்கள் நிமிடத்தை மில்லிமீட்டராக மாற்ற, நேரான பக்கங்கள் உள்ள எவர்சில்வர் டம்ளர்கள் ஐந்தாறைத் தரையில் அங்கங்கே வைத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் நின்ற நீரை ஸ்கேலால் அளந்தால் போதும். பெரும்பாலும் ஓரத்து டம்ளருக்கும் நடு டம்ளருக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும். புல் எப்போதும் ஒரே இடத்தில் காய்வதற்கான காரணம் பல வீடுகளில் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க நீளமான திருப்புளியே போதும். ஈரமண்ணில் அது சுலபமாக இறங்கும், உலர்ந்த மண் தட்டுப்பட்டதும் நின்றுவிடும்.

வேரை எங்கே நிறுத்துகிறோம்

மதிலுக்கு வெளியே இருந்த அருகம்புல்லுக்கு வருவோம். ஆழமான மண்ணில் அருகின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. அது தவிர நிலத்துக்கு அடியிலேயே கணுக்கணுவாக ஓடும் தண்டுகளில் உணவைச் சேர்த்து வைத்திருக்கும். மேலே இலை காய்ந்தாலும் அடியில் கணு உயிரோடிருக்கும். வேர் ஈரம் இருக்கும் இடத்திலும் காற்று கிடைக்கும் இடத்திலும்தான் வளரும். முற்றிலும் உலர்ந்த மண்ணுக்குள் அது துளைத்துக்கொண்டு போவதில்லை. தினமும் மூன்று சென்டிமீட்டர் மட்டும் நனையும் தரையில் புது வேர் அந்த மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே கூடுகிறது, கீழே இருக்கும் பழைய வேர் மெல்லச் செயலிழக்கிறது. கோடையில் முதலில் சூடாகி முதலில் உலர்வதும் அந்த மேல்மண்தான். புல்லின் பாதுகாப்பைப் பறித்துவிட்டு அதை நம் ஹோஸை நம்பி வாழப் பழக்கிவிடுகிறோம்.

வெளியே இருப்பது நாட்டுப்புல், உள்ளே இருப்பது நர்சரிப் புல், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. நர்சரி ரகங்கள் அழகுக்காகத் தேர்ந்தெடுத்தவை, நெருக்கமாகவும் தாழ்வாகவும் வளர்பவை. ஆனால் உள்ளே இருப்பது அருகின் குடும்பமாகவே இருந்தாலும் பல வீடுகளில் இதே கதைதான் நடக்கிறது. தண்ணீர் மட்டுமல்லாமல் வெட்டும் முறையும் இதற்குக் காரணம். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட சோதனைகளில், பல புல்வகைகளின் இலையைப் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டியதும் வேர் வளர்ச்சி நின்றுபோனதைக் காட்டினார். இலை உணவு கொடுத்தால்தான் வேர் நீளும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமலிருப்பதும், கோடையில் வெட்டும் உயரத்தை ஒரு சென்டிமீட்டராவது கூட்டி வைப்பதும் தண்ணீரைச் சேமிக்கும் வேலைகள்தான்.

தினத் தண்ணீருக்குப் பழகிய தரையை ஒரே நாளில் வாரத் தண்ணீருக்கு மாற்றினால் அது காய்ந்துவிடும், வேர் இன்னும் மேலேயே இருக்கிறது. இடைவெளியை மெல்லக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முன்னைவிட ஆழமாக நனைக்க வேண்டும். எப்போது ஊற்றுவது என்பதைப் புல்லே சொல்லும். நடந்துபோனால் மிதித்த தடம் உடனே நிமிராமல் அப்படியே நிற்கும். பச்சை நிறம் மங்கிச் சற்று நீலச் சாம்பல் படியும், இலை நீளவாக்கில் மடியும். அன்று மாலை விட்டாலும் மறுநாள் விடியற்காலை விட்டாலும் புல் தேறிவிடும்.

தை முதல் மார்கழி வரை

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். புல்தரையின் ஆண்டுத் தேவையைவிட இது அதிகம். வருவது வேண்டிய நேரத்தில் வராததுதான் சிக்கல். மழையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடுகிறது. தை பிறந்ததும் மழை நின்றுபோகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதமும் சேர்ந்து பெய்வது மிகக் குறைவு. புல்தரையின் வறண்ட காலம் அக்னி நட்சத்திரத்தில் தொடங்குவதில்லை, தையிலேயே தொடங்கிவிடுகிறது. மழையில் நிரம்பிய மண்ணின் இருப்பு ஜனவரி நடுவில் தீரும். அப்போது இதமான வானிலையில் யாரும் கவனிப்பதில்லை. மாசி, பங்குனியில் நிறம் மங்கத் தொடங்கும்போது வேர் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். கோடையைத் தாங்கும் புல்லை ஜனவரி, பிப்ரவரியில்தான் தயார் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்து வேரைக் கீழே இழுப்பதற்கு அந்த இரண்டு மாதங்களே சரியான நேரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழைகள் வரும். இந்த மாதங்களில் மக்கள் ஏமாறுவது இரண்டு விதத்தில். தூறல் விழுந்தது, போதும் என்று விட்டுவிடுவது ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் தூறல் புல்லின் அரைநாள் செலவு. பெருமழை பெய்த மறுநாளே நேரம் வந்துவிட்டது என்று தெளிப்பானைத் திறந்துவிடுவது மற்றது. 40 மில்லிமீட்டர் பெய்திருந்தால் வேர்த்தொட்டி வழிந்திருக்கும். ஆழமாக வேர் விட்ட களிமண் தரையில் அடுத்த ஐந்தாறு நாள் குழாயைத் தொட வேண்டியதில்லை. திறந்த வெளியில் ஒரு டம்ளரை நிரந்தரமாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

ஐப்பசி, கார்த்திகையில் தானியங்கித் தெளிப்பானை முற்றிலும் நிறுத்திவிடலாம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை பதிவானது. 290 மில்லிமீட்டர். நம் அண்ணா நகர்ப் புல்தரையின் வேர்த்தொட்டி முழுவதும் காலியாக இருந்திருந்தாலும் அதில் 24 மில்லிமீட்டரைத்தான் வாங்கியிருக்கும். இந்த மாதங்களில் களிமண் தரைக்கு வரும் ஆபத்து தாகமல்ல, மூச்சுத்திணறல். மண்ணின் இடுக்குகளிலெல்லாம் நீர் நிரம்பிக் காற்று வெளியேறிவிட்டால் வேர் செயலிழந்து இலை மஞ்சளாகும். தாகத்தின் மஞ்சளும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் பலர் இன்னும் தண்ணீர் விடுகிறார்கள், அல்லது யூரியா போடுகிறார்கள். திருப்புளியைச் செருகினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரவெல்லாம் இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சை நோய்களும் வட்டவட்டமாகப் பரவும். மாலைத் தண்ணீரைவிட விடியற்காலைத் தண்ணீரை நான் பரிந்துரைப்பது இதனால்தான். காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் இறங்க நேரம் இருக்கும், இலை வெயில் ஏறியதும் உலர்ந்துவிடும்.

டெல்லிப் புல்தரைகளைப்போல் நம் புல் குளிர்காலத்தில் பழுத்து உறங்குவதில்லை. சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆகவே வடநாட்டு அட்டவணைகளில் குளிர்காலத்துக்கு என்று போட்டிருக்கும் ‘தண்ணீர் வேண்டாம்’ என்ற குறிப்பு நமக்குப் பொருந்தாது.

உச்சி வெயிலும் ஊர்ப் பஞ்சமும்

மதிய வெயிலில் தண்ணீர் விட்டால் நீர்த்துளிகள் பூதக்கண்ணாடிபோல் வேலை செய்து இலையைக் கருக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலைமேல் ஒட்டிக்கிடக்கும் துளியால் கருகல் உண்டாகவில்லை. துளிகளை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் ரோமங்கள் கொண்ட இலைகளில்தான் அதற்கு வாய்ப்பு இருந்தது. ஆகவே மதியம் புல் துவண்டு கிடந்தால் தண்ணீர் விடலாம், உயிர் பிழைக்கும். மதியத் தண்ணீரை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: காற்றிலும் வெயிலிலும் தெளிப்பு மண்ணை அடையும் முன்பே கணிசமாகக் குறைந்துவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஊரில் புல்தரையே எதற்கு? நம் கணக்கின்படி அறுபது சதுர மீட்டர் தரை மே மாதத்தில் நாளுக்குச் சுமார் 250 லிட்டர் குடிக்கிறது. இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். இரண்டு பேருக்கான தண்ணீர். ஒரு மாதத்தில் 7,800 லிட்டர், ஏறக்குறைய ஒரு லாரி. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் குடிநீரைப் புல்லுக்கு விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. புல்தரை சிமென்டைவிடக் குளிர்ச்சி தருகிறது, மழையை நிலத்துக்குள் விடுகிறது என்பதெல்லாம் உண்மைதான். அந்த உண்மையும் இந்தச் செலவுக்குப் பதிலாகாது. எனக்குத் தோன்றும் பதில், புல்தரையின் பரப்பைக் குழந்தைகள் விளையாடும் அளவுக்குச் சுருக்கிக்கொள்வதும், பஞ்ச ஆண்டில் அதைப் பச்சையாக வைத்திருக்கும் ஆசையை விட்டுவிடுவதும்தான்.

அருகும் கொரியன் புல்லும் காய்ந்து உறங்கத் தெரிந்தவை. ஆழமாக வேர் விட்ட தரைக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 10 மில்லிமீட்டரை ஒட்டித் தண்ணீர் காட்டினால் அடிக்கணுக்கள் உயிரோடிருக்கும். அந்த நாட்களில் வெட்டக் கூடாது, உரம் போடக் கூடாது, மிதிப்பதையும் குறைக்க வேண்டும். தரை வைக்கோல் நிறமாகும், மழையில் மீளும். நிழலுக்கு வைத்த பஃபலோ கிராஸுக்கு இந்தத் தாங்கும் சக்தி குறைவு. அடியில் ஓடும் தண்டு அதற்கு இல்லை.

எந்தத் தண்ணீர்

புல்லுக்கு மெட்ரோ தண்ணீர் தேவையில்லை. குளியலறை நீரும் காய்கறி கழுவிய நீரும் போதுமான தரமுள்ளவை. ஆனால் தேக்கி வைக்காமல் அன்றன்றே மண்ணில் விட்டுவிட வேண்டும். வாஷிங் மெஷின் நீரில் சோடியம் அதிகம். களிமண்ணில் தொடர்ந்து விட்டால் சோடியம் மண்துகள்களின் கட்டுமானத்தைக் கலைத்துவிடும். பிறகு நல்ல தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். கடைசி அலசல் நீரை மட்டும் எடுப்பது நல்லது. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரில், உள்ளே போன நீரில் இருந்ததைவிட உப்பு கூடுதல். போர்வெல்லே உப்பாக இருக்கும் கடலோர வீடுகளில் அதைத் தனியாக விடாமல் மற்ற நீரோடு கலக்க வேண்டும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. தையிலிருந்து வைகாசி வரை போர்வெல் நீர் விட்ட தரையில் வெள்ளைப் பூச்சு படிவது இதனால்தான். அளந்து அளந்து சிக்கனமாக விடும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் சேரும். வழிந்து வீணாவதாகத் தோன்றும் வடகிழக்குப் பருவமழை இந்த உப்பை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போகிறது. பருவமழை பொய்த்த ஆண்டுக்கு அடுத்து வரும் ஜூன், ஜூலையில், நல்ல இடிமழை பெய்து மண் நிரம்பியிருக்கும் நாளாகப் பார்த்து, வழக்கமான அளவில் இன்னொரு பங்கு நீரை மேலாக விட்டால், கோடையில் சேர்ந்த உப்பில் ஒரு பகுதி வேரைத் தாண்டி இறங்கிவிடும்.